சத்தம் போடாத மெஷின்

ஓடிப்போகிற மனிதர் யாராவது, ஓடுவதற்கு முந்தின நாள் ஒரு மெஷினை வாங்கி, தரை மட்டம் பார்த்து, நாலு காலுக்கும் ரப்பர் வைத்து நிறுத்திவிட்டுப் போவாரா? சர்வேயரம்மாவுக்குக் காலையிலிருந்து அந்த ஒரு கேள்விதான் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

சர்வேயரம்மா இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து, எது தானாக நடந்தது, எது யாரோ நடத்தியது என்று பிரித்துச் சொன்னவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறார். கூடவே அலைகிறவர் அவருடைய கணவரின் தம்பி. நாற்பத்தைந்து வயது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் வீட்டில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது யார் என்று அவருக்கே மறந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்புவார், அவ்வளவுதான்.

"பத்தொன்பது நாள் ஆச்சுக்கா," என்றாள் காணாமல் போனவரின் தங்கை. கடையின் பின்பக்கம், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். "திங்கக்கிழமை மெஷின் வந்து இறங்குச்சு. செவ்வாய்க்கிழமை காலைல நான் வந்து பாக்கறேன், கவுன்ட்டர் மேல கடைச் சாவி, பக்கத்துல அண்ணனோட போன். ஆளைக் காணோம். ஒரு சீட்டுகூட எழுதி வைக்கல."

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்துகிற போர்டுக் கடை அது. வீட்டு வாசல் பெயர்ப்பலகை, கடை போர்டு, அலமாரிக் கதவு. அண்ணன் பலகையில் எழுத்து வெட்டுவார், தங்கை பெயின்ட் அடிப்பாள். சுவர் முழுக்க வெட்டிய எழுத்துகள் தொங்கின. நடுவில், பாதி பிளாஸ்டிக் உறையோடு, அந்த மெஷின். சி.என்.சி. ரூட்டர் என்று பெயர். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பிட் என்கிற சுழலும் வெட்டுமுனை ஒன்று பலகை மேல் தானே ஊர்ந்து அந்தப் படத்தை அப்படியே வெட்டித் தரும்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"வளர்ந்த ஆள், தானா போனார், தானா வருவார்னு சொன்னாங்க." அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கும் தெரியும்க்கா, எங்க போயிருப்பார்னு. நாலு மாசமா வியாழக்கிழமை ஆனா போதும், துவைச்ச சட்டை, சீவின தலை. கேட்டா மெஷின் பாக்கப் போறேம்பார். மெஷினைப் பாக்க எதுக்கு சட்டை மாத்தணும்? யாரோ ஒருத்தி இருக்கா."

"மெஷினுக்கும் ஒரு மரியாதை வேணாமா?" என்றார் ரேடியோ.

சர்வேயரம்மா திரும்பிப் பார்த்தார். ரேடியோ சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார்.

"முதல்ல பொருளைக் கேப்போம். அப்புறம் ஆளைக் கேப்போம்," என்றபடி சர்வேயரம்மா மெஷினைச் சுற்றி வந்தார். "உங்கண்ணன் எவ்வளவு உயரம்?"

"இந்த சார் உயரம் இருப்பார்."

"தம்பி, இதுக்கு முன்னால நின்னு வேலை செய்யற மாதிரி குனி."

ரேடியோ நின்றார். மெஷினின் மேஜை தொடைக்குத்தான் வந்தது. குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, இதுல ஒரு நாள் வேலை செஞ்சா மறுநாள் என்னையும் பலகை மாதிரி தூக்கிட்டுதான் போகணும்."

சர்வேயரம்மா தரையில் உட்கார்ந்து மெஷினின் இரும்புக் காலைத் தடவினார். அடியில் மட்டும் பெயின்ட் புதிது. அறுத்து, ராவி, மேலே பூசியிருந்தது. நாலு காலிலும் ஒரே மாதிரி, நாலு விரல் அளவு.

"இது கம்பெனில செஞ்சதில்ல. இங்க அறுத்தது. யாரு?"

"அண்ணன்தான். திங்கக்கிழமை சாயங்காலம் தரைல படுத்துக்கிட்டு அறுத்துக்கிட்டு இருந்தார். எதுக்குன்னு கேட்டேன். ஆடுது, சரி பண்றேன்னார்."

ஆடுகிற மேஜைக்கு ஒரு காலை அறுப்பார்கள். நாலையும் அறுக்க மாட்டார்கள். சர்வேயரம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "மெஷின் விஷயமா எதுவும் எழுதி வச்சிருந்தாரா?"

தங்கை ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். அண்ணன் அதில் ஒவ்வொரு மெஷினையும் சாதகமும் பாதகமுமாக எழுதியிருந்தார். முதல் பத்துப் பக்கம் முழுக்க ஒரே காதல் கதை: எட்டடிக்கு நாலடி மேஜை வைத்த பெரிய மெஷின். பழையது, ஆனால் நல்ல இரும்பு. முழு ப்ளைவுட் பலகையை அப்படியே போடலாம், பெரிய கடை போர்டெல்லாம் ஒரே வெட்டில் முடியும். பதினோராவது பக்கத்தில் அத்தனையையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தார்: ‘மூணுக்கு ரெண்டு போதும்.’

"ரெண்டு வருஷமா எட்டுக்கு நாலு, எட்டுக்கு நாலுன்னு தூக்கத்துல பேசுவார்," என்றாள் தங்கை. "கடைசில பாத்தா இந்தக் குட்டி. விலை ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பழசு வாங்கற காசுக்குத்தான் இந்தப் புதுசு வந்துச்சு. புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன்."

சர்வேயரம்மா மூலையில் சாய்த்து வைத்திருந்த முழு ப்ளைவுட் பலகையைக் காட்டினார். "தம்பி, அதைத் தூக்கிட்டு வா."

"இதையா?"

"அதைத்தான்."

ரேடியோ பலகையைக் கட்டிப்பிடித்தார். பலகை அவரைக் கட்டிப்பிடித்தது. மூன்று அடி நகர்வதற்குள் ஒரு முனை பெயின்ட் டப்பாவைத் தள்ளியது, மறுமுனை டியூப்லைட்டைத் தேடிப் போனது. தங்கை ஓடிவந்து அடுத்த பக்கத்தைப் பிடித்தாள். ரெண்டு பேருமாக அதை மறுபடி மூலையில் சாய்த்தார்கள்.

"கேஸைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க, நான் என் முதுகெலும்பைக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் ரேடியோ.

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. ரேடியோவுக்கு அது புதிதில்லை. ஆனால் அண்ணி நோட்டை மூடிய விதத்தில் என்னவோ இருந்தது. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி மூடினார்.

*

மெஷின்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுகிறவர். கடையில் நாலு மெஷின்கள் வரிசையாக நின்றன. சுவரோரம் வெட்டி மிஞ்சிய பலகைத் துண்டுகள் குப்பையாகக் கிடந்தன.

"அவரா? வாடிக்கையாளர் இல்லம்மா, வாத்தியார். விலை குறைஞ்ச மெஷின் கேட்டு வர்றவங்க விலையைத்தான் கேப்பாங்க. இவர் வட்டம் கேட்டார்."

"வட்டமா?"

"சொந்தப் பலகை, பென்டிரைவ்ல சொந்தப் படம். ஒரு வட்டம், அவ்வளவுதான். ஒவ்வொரு மெஷின்லயும் வெட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு விளிம்புல கட்டைவிரலை ஓட்டுவார். பெல்ட்டுல ஓடற மெஷின்னா இழுத்துக்கிட்டு முட்டை மாதிரி வரும். நமக்குக் கண்ணுக்குத் தெரியாதும்மா. அவர் விரலுக்குத் தெரியும். இதோ, இது அவர் வேணாம்னு விட்டுட்டுப் போன முட்டை." குப்பையிலிருந்து ஒரு மரவட்டத்தை எடுத்துக் கொடுத்தார். "கடைசில ஸ்க்ரூவுல ஓடற குட்டி மெஷின்ல வெட்டினதும், இதுதான்னு சொன்னார். சரி முடிஞ்சதுன்னு பாத்தா, தண்ணியில குளிர்ற மோட்டார் வேணும்னார்."

"அதுல என்ன விசேஷம்?"

"காத்துல குளிர்றது மலிவு, ஆனா கத்தும். பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. ஒரு பக்கெட் தண்ணி, ஒரு பம்பு வச்சா மோட்டார் சத்தமே போடாது. ஆனா விலை கூட. சின்னக் கடைக்கு எதுக்குங்க, காதுல பஞ்சு வச்சுக்கோங்கன்னு சொன்னேன். ‘மெஷின் ஓடும்போது முன்னால போன் அடிச்சா கேக்கணும்’னார். போன் எடுக்க வேற ஆள் இருக்காங்கல்லன்னு கேட்டேன். காதுல வாங்காத மாதிரி மெஷினைத் தடவிக்கிட்டு இருந்தார்."

சர்வேயரம்மாவின் விரல் அந்த மரவட்டத்தின் விளிம்பில் நின்றது. "வேற?"

"அவசரத்துக்கு நிறுத்தற சிவப்பு பட்டன் இருக்கே, எல்லா மெஷின்லயும் வலது பக்கம்தான். அதைக் கழட்டி இடது பக்கம் வைக்கச் சொன்னார். ஒரு நாள் வேலை எனக்கு."

"நீங்க வாஸ்து பாத்து வித்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் கூட வாங்கியிருக்கலாம்," என்றார் ரேடியோ. "அது போகட்டும், வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து உங்க உயிரை எடுத்திருப்பாரே?"

மெஷின்காரர் செருமினார். "வியாழக்கிழமை எப்படி வருவார்? எனக்கு வாரலீவே அன்னைக்குத்தான். மொத்தமே நாலு தடவை வந்தார். நாலும் திங்கக்கிழமை."

ரேடியோவின் புருவம் மேலே போனது. தங்கை சொன்னது சரிதான் போலிருக்கிறது. துவைத்த சட்டை மெஷினுக்காக இல்லை.

"கடைசித் தடவை வந்தப்போ ஒண்ணு கேட்டார்," என்று மெஷின்காரர் தேநீர்க் கோப்பைக்கு அடியிலிருந்து ஒரு சதுரப் பலகையை உருவினார். "இங்க இருக்கற மெஷின்ல கொஞ்சம் வெட்டிக்கறேன், உறவுக்காரங்களுக்குன்னார். பன்னிரண்டு பலகை. இது பிசகிப்போன ஒண்ணு. நான் கோப்பை வச்சுக்கறேன்."

அஞ்சு என்ற எண். பெரிதாக, விரலால் தடவினால் தெரிகிற மாதிரி மேடாக வெட்டியிருந்தது. எண்ணுக்குக் கீழே ஒரு மைனா. நாலு மூலையும் குழந்தை கன்னம் மாதிரி உருட்டியிருந்தது.

"லாட்ஜ்," என்றார் ரேடியோ உடனே. "ரூம் நம்பர் பலகை. அண்ணி, ஆளு லாட்ஜ்ல இருக்கார். அந்தம்மாவும் கூட இருக்காங்க."

"லாட்ஜ்ல எண் இருந்தா போதும். மைனா எதுக்கு?"

"அப்போ பள்ளிக்கூடம். டீச்சர். துவைச்ச சட்டைக்கும் பொருந்துது."

சர்வேயரம்மா மரவட்டத்தையும் மைனாவையும் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

*

"வா, இப்படி வந்து மெஷின் முன்னால நில்லு," என்றார் சர்வேயரம்மா தங்கையிடம், போர்டுக் கடைக்குத் திரும்பி வந்ததும்.

"நான் எதுக்குக்கா? எனக்கு இதைப் பாத்தாலே எரியுது."

"நில்லும்மா."

தங்கை நின்றாள். மேஜை சரியாக அவள் இடுப்புக்கு வந்தது. குனிய வேண்டியதே இல்லை.

"கண்ணை மூடிக்க. மெஷின் ஓடுது. பிட் பலகையில சிக்கிடுச்சு. புகை வருது. சட்டுனு நிறுத்து."

அவளுடைய இடது கை நீண்டது. தேடவில்லை, தடவவில்லை. நேராகப் போய்ச் சிவப்பு பட்டன் மேல் உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தவள் தன் கையையே பார்த்தாள்.

"இடது கைப் பழக்கமா?" என்றார் சர்வேயரம்மா.

"சின்ன வயசுலேருந்து."

"உங்கண்ணன் வலது கைக்காரர். ஆறடி உயரம். இந்த மேஜையில அவரால ஒரு மணி நேரம் நிக்க முடியாது. முழுப் பலகை தூக்க ரெண்டு பேர் வேணும். அதனால பெரிய மெஷின் வேணாம்னு கோடு போட்டார். மூணுக்கு ரெண்டு பலகையை ஒரே ஆள் தூக்கலாம். சத்தம் போடற மெஷின் வேணாம்னார். ஏன்னா உள்ள வேலை செய்யறவளேதான் முன்னால போனையும் எடுக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த மெஷினை அவர் தனக்கு வாங்கலம்மா. உனக்கு வாங்கியிருக்கார். நீ தனியா இருந்து ஓட்டறதுக்கு."

தங்கை பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தனியா? அவர் எங்க போறார்?"

சர்வேயரம்மா மைனாப் பலகையை எடுத்து அவள் கையில் வைத்தார். "இந்த மாதிரி பன்னிரண்டு வெட்டியிருக்கார். யாருக்குன்னு தெரியுமா?"

அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு மைனாவைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் முகத்திலிருந்த பத்தொன்பது நாள் கோபம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை ரேடியோ பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

"அம்மா ரூம் கதவுல கிளி வெட்டி ஒட்டியிருந்தார்," என்றாள் மெதுவாக. "கடைசி நாலஞ்சு வருஷம் அம்மாவுக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. எது தன்னோட ரூம்னு தெரியாம வீடெல்லாம் சுத்துவாங்க. கிளி மட்டும் மறக்கல. கிளியைப் பாத்தா உள்ள போய்ப் படுத்துப்பாங்க."

"எத்தனை வருஷம் பாத்துக்கிட்ட?"

"பதினோரு வருஷம். எனக்கு வந்த வரனையெல்லாம் அப்போ நான்தான் வேணாம்னு சொன்னேன். ரெண்டு வருஷம் ஆச்சு அம்மா போய்." அவள் பேச்சு திடீரென்று வேகமானது. "அக்கா, அஞ்சாறு மாசமா தலைவலின்னு மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தார். அளவு டேப்பை என்னைப் படிக்கச் சொல்லுவார், கண்ணாடி மாத்தணும்பார். மாத்தவே இல்ல. தட்டு கைநழுவி விழும். நான் கவனம் எங்க இருக்குன்னு கத்துவேன்."

"எண் மறந்துபோற ஆளுங்க இருக்கற இடம்," என்றார் சர்வேயரம்மா. "கவனிச்சுக்க யாரும் இல்லாத நோயாளிங்களை வச்சுப் பாத்துக்கற இல்லம். வியாழக்கிழமை அங்கதான் போயிருக்கார். முதல்ல டாக்டர்கிட்ட, அப்புறம் அங்க. தம்பி, போனை எடு. கதவுல பறவை இருக்கான்னு மட்டும் கேளு."

வாழ்க்கையில் முதல்முறையாக ரேடியோவின் வாய்க்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு இல்லத்தில் ‘கோழி இருக்கு, பறவை இல்ல’ என்றார்கள். ஒரு இல்லத்தில் அவரையே சேரச் சொன்னார்கள். ஏழாவது இல்லத்தில் ஒரு பெண்குரல், "ஆமா, போன மாசம்தான் மாட்டினோம், ரொம்ப அழகா இருக்கு, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது.

ரேடியோ உடனே போனை அண்ணியிடம் நீட்டினார்.

*

நீளமான வராந்தா. சோப்பு வாசனை. இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரன் ஒல்லியாக, களைத்த முகத்தோடு இருந்தார். "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கார். எனக்கு யாரும் இல்லன்னார்." தங்கையின் முகத்தைப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் அச்சாக அதே மாதிரி. "யாரும் இல்லாதவர் எதுக்கு யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லணும்? எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்."

"என்ன நோய்?"

"தலைக்குள்ள கட்டி. கண்டுபிடிக்கும்போதே பெரிசாயிடுச்சு. பார்வை முக்கால்வாசி போயிடுச்சு. நாளா வாரமா, எங்களால சொல்ல முடியாது. இன்னைக்கு நல்லா பேசறார். அறை எண்—"

தங்கை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். கதவுகளில் மைனா, கொக்கு, மரங்கொத்தி, புறா. எண்ணை அவள் பார்க்கவே இல்லை. வராந்தா முடிவில், கிளி இருந்த கதவைத் தள்ளித் திறந்தாள்.

ரேடியோவும் சர்வேயரம்மாவும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

படுக்கையிலிருந்தவர் தலையைத் திருப்பினார். கண் எங்கேயோ பார்த்தது. காது சரியாகப் பார்த்தது. செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார் போல.

"கடையை யாரு பாத்துக்கறா?" என்றார்.

"மூடிட்டு வந்தேன்."

"மெஷின்?"

"நிறுத்திட்டுத்தான் வந்தேன்."

"எந்தக் கையால நிறுத்தின?"

"இடது கையாலதான்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பல் தெரியாத சிரிப்பு. "வட்டம் வெட்டிப் பாத்தியா?"

தங்கை திரும்பி சர்வேயரம்மாவைப் பார்த்தாள். சர்வேயரம்மா பையிலிருந்து அந்த மரவட்டத்தை எடுத்துக் கொடுத்தார். பொய்க்குத் துணைபோவது அவருக்கு இத்தனை வருட வேலையில் அதுதான் முதல்தடவை. தங்கை அதை அண்ணன் கையில் வைத்தாள். அவருடைய கட்டைவிரல் விளிம்பில் ஒரு சுற்றுப் போனது. பாதியில் நின்றது. இன்னொரு சுற்று.

"இது முட்டை," என்றார். "நான் வேணாம்னு விட்டுட்டு வந்த மெஷின். நீ இன்னும் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கல."

"எப்படிண்ணா பிரிப்பேன்?" என்றாள். "எவளோ ஒருத்தியோட போய்ட்டன்னு பத்தொன்பது நாளா உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துச்சு."

"திட்டட்டும்னுதான். திட்டினா தேட மாட்டேன்னு நினைச்சேன்."

"ஏன்?"

அவர் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார். "அம்மாவுக்குப் பதினோரு வருஷம் கொடுத்துட்ட. எனக்கும் நீ கட்டில் பக்கத்துல உக்காரணுமா? போதும்னு தோணுச்சு."

"நான் கேட்டேனா? அம்மா எனக்கு பாரமா இருக்காங்கன்னு உன்கிட்ட ஒருநாள் சொல்லியிருக்கேனா? எனக்கு எது போதும்னு நீயா முடிவு பண்ணுவியா?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நாலு மாசம் அலைஞ்சு எனக்கு மெஷின் பாத்த. நாலு வார்த்தை சொல்ல உனக்கு நேரமில்ல."

அவர் கட்டைவிரல் அந்த முட்டையை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது.

"தப்புதான்," என்றார் கடைசியில். "தப்பான அளவு எடுத்துட்டேன்."

அவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "இனிமே என்னைப் போகச் சொல்லாத."

"ஒரே ஒரு தடவை போய்ட்டு வா. அந்த மெஷின்ல ஒரு வட்டம் வெட்டிக் கொண்டுவா. நான் தடவிப் பாத்துக்கறேன். அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் இங்கயே உக்காரு. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா. ஆனா முட்டையைக் கொண்டுவந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்து, மேட்ரனிடம் கடையின் போன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். "ஏதாவதுன்னா உடனே இதுல கூப்பிடுங்க. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்," என்றாள். மேட்ரனிடம் சொல்கிற மாதிரி, அறைக்குள் கேட்கிற மாதிரி.

*

மதியம் இரண்டே கால். பிளாஸ்டிக் உறை தரையில் கிடந்தது. மெஷினுக்குப் பின்னால் சுவரில், யாரும் கவனிக்காத இடத்தில், அண்ணன் பென்சிலால் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வரி கோணல் மாணலாக இறங்கிப் போனது. ‘முதலில் தண்ணி பம்பு. பிறகு மோட்டார். பலகையை நாலு மூலையிலும் இறுக்கு. பயப்படாதே.’

ரேடியோ பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சர்வேயரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெஷினில் செருகியிருந்த பென்டிரைவில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஒரு வட்டம்.

தங்கை பம்பைப் போட்டாள். மோட்டாரைப் போட்டாள். பக்கத்து அறையில் மின்விசிறி ஓடுகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். பிட் இறங்கி, மெல்லிய பலகையைக் கொறித்துக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று. கொஞ்சம் ஆழமாக இன்னொரு சுற்று. மரத்தூள் அவள் புடவையில் உதிர்ந்தது. மேஜை அவள் இடுப்புக்கு, இடது கை பட்டனுக்குப் பக்கத்தில், எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"வருது பாருங்கக்கா," என்றாள். "ஆடவே இல்ல."

மூன்றாவது சுற்று, கடைசிச் சுற்று, பாதிக்கு மேல் போயிருந்தது.

முன்னால் கவுன்ட்டரில் போன் அடித்தது.

முதல் மணியே தெளிவாகக் கேட்டது. ரேடியோ சட்டென்று எழுந்தார். சர்வேயரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

தங்கையின் இடது கை சிவப்பு பட்டன் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. பிட் இன்னும் நாலு விரல் தூரம் போக வேண்டியிருந்தது. போன் அடித்தது. மூன்று விரல். போன் அடித்தது. அவள் கண்ணை எடுக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிட் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, தானாக மேலே எழுந்தது. அப்போதுதான் அழுத்தினாள்.

வட்டம் இன்னும் சூடாக இருந்தது. அதை எடுத்து, கண்ணை மூடி, விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினாள். எங்கேயும் இடறவில்லை.

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"கேக்குதுண்ணா," என்றாள், யாரையும் பார்க்காமல். "நல்லா கேக்குது."

வட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்பக்கம் நடந்தாள்.